கிளிச்சேட்டுப் போட்ட தளபதி

நாங்கள் இப்போது இருக்கும் குளிர் நாட்டில், போன மாதம் என் மகன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, பெயின்ற்போல் விளையாடப் போகட்டுமா என்று கேட்டான். படத்தில் நின்றவர்கள் எல்லாருக்கும் இராணுவ உடுப்பு, முகமூடி, கையில் துவக்கு மாதிரி ஒரு சாமான். சுட்டால் குண்டு வராதாம், சாயம்தான் வருமாம். அவனுடைய சிநேகிதர்களுக்குள் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமாம். பச்சை உடுப்பும் கொமாண்டோக் கதையும் இருந்தால்தான் விளையாட்டில் உயிர் இருக்கும் என்று ஒரு பகுதி சொல்கிறது. அந்தச் சண்டைக் கோலத்தைக் கழற்றி எறிந்தால்தான் நாலு பேர் மதித்து வருவார்கள் என்று மற்றப் பகுதி சொல்கிறது. "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள் அம்மா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வழக்கை யாழ்ப்பாணத்தில், உடுவிலில், எங்கள் வெங்காயத் தோட்டத்து ஓரத்தில் எப்போதோ விசாரித்துத் தீர்ப்பும் சொல்லியாயிற்று. தீர்ப்புச் சொன்னது என் அம்மா.

அது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, யுத்தகாலம். எனக்குப் பதினான்கு வயது, அண்ணைக்குப் பதினாறு. மின்சாரம் என்று ஒன்று இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தோம். சவர்க்காரம் வராது. பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம், அந்த வாசத்துக்கு மாடு வந்து கொடியில் காய்ந்த உடுப்பைச் சப்பிவிட்டுப் போகும். படம் இல்லை, பாட்டு இல்லை. பின்னேரத்தில் மனிசர் என்னதான் செய்வது? அண்ணை ஒரு சண்டையைக் கண்டுபிடித்தார். வெளியில் நடக்கிற சண்டை காணாதோ என்று கேட்காதீர்கள். எங்களுக்கு அது பம்பல், சும்மா ஒரு பகிடி விளையாட்டு, அவ்வளவுதான்.

சாமான் எல்லாம் வளவுக்குள் கிடைத்தவை. தண்ணீர் அடித்து விளையாடுகிற மூங்கில் பீச்சாங்குழல் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஒரு பக்கம் சின்ன ஓட்டை, மறுபக்கத்தால் சீலைத்துண்டு சுற்றிய தடியை இழுத்துத் தள்ள வேண்டும். அண்ணை அதற்குப் பின்னால் பலகையில் ஒரு பிடி செதுக்கிப் பூட்டினார். செத்த பற்றரியை உடைத்து உள்ளே இருந்த கரியை எடுத்துக் குழல் முழுக்கப் பூசினார். சைக்கிள் ரியூப்பில் வார் வெட்டித் தோளில் மாட்டினார். தூரத்தில் நின்று பார்த்தால் அசல் துவக்கு. குண்டுக்கு எங்கள் வேலியில் படர்ந்திருந்த பசளிக்கொடியின் பழம். நசித்தால் நல்ல ஊதாச் சாயம் வரும். சாயம் பட்டால் "செத்தாச்சு!" என்று கத்துவார்கள். செத்தவர் ஆட்டம் முடியும்வரை அந்த இடத்திலேயே படுத்துக் கிடக்க வேண்டும், எறும்பு கடித்தாலும் அசையக்கூடாது.

ஒழுங்கையில் இருந்த பெடியள் பெட்டையள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். ஒரு பக்கம் எங்கள் பகுதி, மறுபக்கம் ஆமி. ஆமியாக இருக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஆகையால் பெட்டைகளையும் சின்னன்களையும் ஆமி ஆக்கிவிட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஒவ்வொரு நாளும் நான்தான் ஆமியோ? நாளைக்கு நீங்கள் ஆமி, நான் தளபதி" என்று அண்ணையிடம் சண்டை பிடித்தேன். "தளபதி எண்டால் திட்டம் போடத் தெரியவேணும்" என்றார். அவர் போட்ட திட்டம் எல்லாம், தான் வடலிக்குள் ஒளித்திருக்க மற்றவர்கள் ஓடித் திரிய வேண்டும் என்பதுதான். வடலி என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் இளம் பனை. எங்கள் தோட்டத்தின் ஓரமெல்லாம் அதுதான் அடர்ந்து கிடந்தது.

கொஞ்ச நாளில் அளாப்பத் தொடங்கினார்கள். சாயம் பட்டதும் சட்டென்று துடைத்துவிட்டு, "எனக்குப் படேல்லை, அம்மாவாணைப் படேல்லை" என்று சத்தியம் பண்ணினார்கள். அண்ணை யோசித்தார். மறுநாள் பசளிச் சாயத்துக்குள் வாழைக்கயரை வடித்துக் கலந்தார். வாழையை வெட்டினால் வடிகிற அந்தக் கயர் துணியில் பட்டால், துணி கந்தலாகும் மட்டும் போகாது என்பது எங்கள் ஊரில் பால்குடிக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே கலந்த மகான் என் அண்ணை. ஊதா இரண்டு தோய்ச்சலில் போய்விடும், கயர் மண்ணிறத்தில் அப்படியே நிற்கும். ஒரு கிழமைக்குள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்கும் உருப்படியான உடுப்பு இல்லை. வீட்டுக்கு வீடு அடி விழுந்தது. "புதுச் சட்டை வாங்க கொழும்புக்குப் பாதை திறந்து கிடக்கெண்டு நினைச்சியளோ, கோதாரி விழுவாரே!" என்று அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் ஈர்க்குக் கட்டால் விளாசினார்.

ஆனால் அம்மாவுக்கு உண்மையான பயம் உடுப்பைப் பற்றியது அல்ல. அண்ணையைப் பற்றியது.

அந்த நாளில் எங்கள் ஊரில் பெடியன்கள் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் சண்டைபிடிக்க இயக்கத்துக்குப் போவார்கள். காலையில் பள்ளிக்கூடம் போவான், பின்னேரம் அவனுடைய சைக்கிள் மட்டும் கோயிலடியில் சாத்திக் கிடக்கும். பிறகுதான் வீட்டார் நினைத்துப் பார்ப்பார்கள். அதற்கு முதல் நாள் அவன் பேனையைத் தங்கச்சியிடம் கொடுத்திருப்பான், நல்ல சேட்டு ஒன்றைத் தம்பியிடம் கொடுத்திருப்பான். போகிறவன் தன் பொருளைக் கொடுத்துவிட்டுப் போவான் என்பது தாய்மாருக்கு மனப்பாடம். ஒருமுறை அண்ணை ஒரு பழைய அழிறப்பரை எனக்குத் தந்தார். அதைக் கண்ட அம்மா அடுப்பில் இருந்த கறியை மறந்து, "ஏன் குடுத்தனீ? உனக்கு வேண்டாமோ? ஏன் வேண்டாம்?" என்று அவரைப் பிடித்து உலுக்கிவிட்டார். கறி கருகிப்போனது. அப்பா அன்றைக்குக் கருகின கறியோடேயே சோற்றைத் தின்றுவிட்டு எழும்பினார். அப்பா பொதுவாகவே வாய் திறக்கிற மனிசர் இல்லை.

அப்படிப்பட்ட அம்மாவுக்கு முன்னால் மகன் முகத்தில் கரி பூசி, தலையில் பூவரசங்குழை கட்டி, தோளில் கறுத்தத் துவக்கோடு வரிசையாக நடந்தால் எப்படி இருக்கும்? "உது விளையாட்டில்லை, ஒத்திகை" என்று அம்மா சொல்லுவார். "சும்மா இரணை அம்மா, பீச்சாங்குழலோடை ஆர் சண்டைக்குப் போறது?" என்று அண்ணை சிரிப்பார். அம்மா சிரிக்கமாட்டார்.

அம்மாவின் கட்சியில் இன்னொரு ஆளும் சேர்ந்தாள். குருநகரில் கடற்கரையோரம் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தாயும் மகளும் எங்கள் வெங்காயக் கொட்டிலில் இருந்தார்கள். தாய்க்கு முழங்கால் வருத்தம், சுவரைப் பிடித்துத்தான் நடப்பார், வாயில் எந்நேரமும் செபம். மகள் என் வயது. அவளை முதல்நாள் விளையாடக் கூப்பிட்டபோது எங்கள் கோலத்தை மேலும் கீழும் பார்த்தாள். "செத்தாச்சு எண்டு கத்துறதெண்டால் நான் வரேல்லை. எங்கடை வீட்டுக்கு மேலை விழுந்த குண்டுக்குப் பயந்துதான் இஞ்சை ஓடி வந்தனாங்கள். சும்மா சாயம் அடிக்கிறதெண்டால் வாறன்" என்றாள். "சும்மா சாயம் அடிக்க இதென்ன, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதே?" என்றார் அண்ணை. "வெள்ளையடிச்சால் வீடாவது வடிவா இருக்கும். உங்கடை மூஞ்சையைப் பாருங்கோ" என்றாள் அவள். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

அவள் வந்தாள், ஆனால் கரி பூசவில்லை, குழை கட்டவில்லை, சாயம் பட்டாலும் படுக்கமாட்டாள். வேலியில் சாய்ந்து நின்று பசளிப்பழம் தின்பாள். அது அண்ணைக்கு அவமானம். "செத்தவள் பழம் தின்னக்கூடாது!" என்று கத்துவார். இதைவிட அவமானம், அவளுடைய குறி. குழலைத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பாள், பிறகு ஒரே தள்ளு. தளபதியின் காதுக்குள் சாயம். இப்படியே ஒரு மாதம் இழுபட்டது. சண்டை வேண்டும் என்று ஒரு பகுதி, வேண்டாம் என்று ஒரு பகுதி. ஆட்டத்தைவிட வாக்குவாதம்தான் கூட நடந்தது.

ஒரு நாள் பின்னேரம் நாங்கள் வடலிக்குள் நல்ல மும்முரமாக நின்றபோது ஆமியின் ஹெலிச் சத்தம் கேட்டது.

சாதாரணமாக ஹெலிச் சத்தம் கேட்டால் சனம் பங்கருக்குள் ஓடும். எங்கள் பங்கர் வீட்டுக்குப் பின்னால், நாங்கள் தோட்டத்துக்கு அங்காலே. ஓட நேரமில்லை. அப்போது அண்ணை தளபதியின் குரலில், "ஒருத்தரும் அசையப்படாது! நிலத்தோடை படு! துவக்கை நெஞ்சுக்குக் கீழை வை!" என்று கட்டளை போட்டார். விசர்க் கூட்டம், நாங்களும் அப்படியே செய்தோம். தலையில் குழை, முகத்தில் கரி, கறுத்தக் குழல்களோடு வரிசையாக வடலிக்குள் குப்புறப் படுத்திருந்தோம். மேலே இருந்து பார்க்கிறவனுக்கு நாங்கள் என்னவாகத் தெரிவோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஹெலி ஒருமுறை கடந்து போனது. பிறகு திரும்பி வந்தது. பிறகு வட்டமிடத் தொடங்கியது. வடலி ஓலையெல்லாம் படபடவென்று அடித்தது.

வீட்டு முற்றத்தில் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்த அம்மா இதைக் கண்டிருக்கிறார். பங்கருக்கு ஓடவில்லை. கோயிலுக்குக் கட்டுகிற சிவப்புச் சீலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அதை இழுத்து உடுத்த சீலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டு, வெங்காயச் சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு, வெட்ட வெளித் தோட்டத்தால் நேரே எங்களிடம் ஓடி வந்தார். "எழும்புங்கோடா சனியன்களே! குழையைப் பிடுங்கி எறி! உந்தக் கட்டையளை வடலிக்குள்ளை தாட்டுப்போட்டு வெளியிலை வா!" என்று எங்களைக் காதைப் பிடித்து இழுத்து, வெளியான இடத்தில் வட்டமாக இருத்தி, நடுவில் சாக்கைக் கொட்டினார். "கட்டுங்கோ! பிடி கட்டுங்கோ!" பத்துப் பதினைந்து வெங்காயத்தைத் தாளோடு சேர்த்து ஒரு கையளவாகக் கட்டுவதுதான் பிடி. தலை நிமிராமல் கட்டினோம். அம்மா மட்டும் எழுந்து நின்று, இரண்டு கையிலும் வெங்காயப் பிடியைத் தூக்கி ஹெலிக்குக் காட்டி, "பாரடா! நல்லா வடிவாப் பார்! வெங்காயம்! வெங்காயம்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? ஆனாலும் கத்தினார். ஹெலி இன்னும் ஒரு வட்டம் போட்டது. பிறகு பலாலி ஆமி முகாம் பக்கமாகப் போய்விட்டது.

சத்தம் ஓய்ந்ததும் குருநகர்ப் பெட்டை, "மாதாவே" என்று பெருமூச்சு விட்டாள். அண்ணை குனிந்தபடி பிடி கட்டிக்கொண்டே இருந்தார். கரி பூசின கன்னத்தில் கண்ணீர் இரண்டு கோடு போட்டிருந்தது. அம்மா அவருக்கு அடிக்கவில்லை. அவருடைய தலையில் மிச்சம் இருந்த பூவரசம் இலை ஒன்றைக் கிள்ளி எடுத்துவிட்டு, தொப்பென்று நிலத்தில் இருந்தார்.

எல்லாரையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய் முகம் கழுவப் பண்ணிய பிறகு அம்மா தீர்ப்பைச் சொன்னார். இனி விளையாட்டே இல்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தோம்.

"விளையாடுறதெண்டால் விளையாடுங்கோ. பிள்ளையள் விளையாடாமல் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கேலுமே? ஆனால் மேலை போறவனுக்கும் தெரியவேணும், றோட்டாலை போறவனுக்கும் தெரியவேணும், உதுகள் விளையாடுதுகள் எண்டு. கரியும் வேண்டாம், குழையும் வேண்டாம், சாயத்துக்குள்ளை கயரும் வேண்டாம். பெட்டியிலை கிடக்கிற பளபளத்த உடுப்பெல்லாம் எடுத்துப் போடுங்கோ. சாயம் பட்டவை செத்துக் கிடக்கிற வேலையும் வேண்டாம். பட்டவை வந்து என்னோடை இருந்து வெங்காயம் கட்டட்டும்."

"கலியாண வீட்டு உடுப்போடை எப்பிடியணை ஒளிக்கிறது?" என்றார் அண்ணை.

"ஒளிச்சால்தான் ஏன் ஒளிக்கிறாய் எண்டு கேப்பான். ஒளிக்காதை" என்றார் அம்மா. அப்பா கிணற்றுக் கட்டில் இருந்தபடி, "வெங்காயம் கட்ட ஆளில்லாமல்தான் கிடந்தது" என்று மட்டும் சொன்னார்.

அதோடு சண்டை முடிந்தது, சாயம் தொடங்கியது. பாவாடை தாவணி, சரிகை வேட்டி, ஒருத்தியின் தாயுடைய மாம்பழக்கலர்ச் சீலை என்று தோட்டம் திருவிழாவாகிவிட்டது. அண்ணைக்குத்தான் சோதனை. ஜேர்மனியில் இருந்த மாமா முன்பொருமுறை ஆரோ மூலம் ஒரு சேட்டு அனுப்பியிருந்தார். எலுமிச்சை மஞ்சள், அதில் உள்ளங்கை அளவு சிவப்புக் கிளிகள். இதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டால் ஊர்நாய் துரத்தும் என்று சொல்லி அண்ணை அதைப் பெட்டி அடியில் தாட்டு வைத்திருந்தார். அம்மா தோண்டி எடுத்தார். "உதோடை என்னைப் பாத்தால் தளபதி எண்டு ஆர் சொல்லுவினம்?" என்று அண்ணை அழாக்குறையாகக் கேட்டார். "ஒருத்தரும் சொல்லப்படாது எண்டுதான் தாறன்" என்றார் அம்மா.

வடலிக்குள் எங்கே நின்றாலும் கிளி தெரியும். முதல் அடி எப்போதும் அவருக்குத்தான். அந்தப் போகத்து வெங்காயத்தில் பாதியை அண்ணை ஒருவரே கட்டியிருப்பார். கட்டக் கட்ட முணுமுணுப்பார், "இதிலை என்ன வீரம் கிடக்கு, கண்டறியாத விளையாட்டு" என்று. ஆனால் மறுநாள் பின்னேரம் எல்லாருக்கும் முன்னமே கிளிச்சேட்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். உண்மையைச் சொன்னால் விளையாட்டு முந்தியதைவிட நன்றாகத்தான் இருந்தது. ஒளிக்க முடியாததால் ஓடவேண்டி வந்தது, ஓடியதால் சிரிப்பு வந்தது. ஒழுங்கையால் போகிற சனம் சைக்கிளை நிறுத்தி வேலிக்கு மேலால் பார்த்தது. ஒரு கிளியின் சொண்டில் குருநகர்ப் பெட்டை ஒருநாள் களவாகக் கலந்து அடித்த வாழைக்கயர் பெரிய மண்ணிறப் பொட்டாக நின்றது. அது கடைசிவரை போகவில்லை.

ஆனாலும் அம்மாவின் பயம் போகவில்லை. அண்ணைக்குப் பதினேழு ஆயிற்று, பதினெட்டு ஆயிற்று. மீசை வந்தது. விளையாட்டு தானாகவே நின்றுபோனது. எங்கள் ஒழுங்கைப் பெடியன்கள் இரண்டு பேரின் சைக்கிளும் கோயிலடியில் சாத்திக் கிடந்தன.

தொண்ணூற்றைந்தில், ஐப்பசி மழைக்குள், ஆமி கிட்ட வந்துவிட்டது என்று எங்கள் ஊர் இருந்த வலிகாமம் முழுக்க வெளிக்கிடச் சொன்னார்கள். கோப்பாயால் கைதடிக்குப் போகிற வீதியில் சனம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. சைக்கிள், மாட்டுவண்டி, தலையில் பெட்டி, கையில் ஆட்டுக்குட்டி. விடிந்த பிறகும் நடை ஊர்ந்துகொண்டிருந்தது. அப்பா சைக்கிளைத் தள்ள, அம்மா பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் அண்ணையும் பின்னால். கொட்டிலில் இருந்த தாயும் மகளும் எங்களோடுதான் வெளிக்கிட்டார்கள். நெரிசலுக்குள் அவர்கள் எங்கே தவறினார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

கைதடிப் பாலத்துக்குக் கிட்ட வந்தபோது அண்ணை கையில் இருந்த மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டினார். தன் உடுப்புப் பையையும் என் தோளில் மாட்டினார். "பிடி. இப்ப வாறன்" என்றார். நான் திரும்புவதற்குள் ஆளைக் காணவில்லை.

பாலம் கடந்து கைதடிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் அம்மா திரும்பிப் பார்த்தார். என் கையில் மணிக்கூடு. என் தோளில் பை.

"உதை ஏன் உன்னட்டைத் தந்தவன்?"

நான் பாலத்தைத் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "குடுத்திட்டான். எல்லாத்தையும் குடுத்திட்டுப் போயிட்டான்" என்று சொல்லிக்கொண்டே சேற்றுக்குள் இருந்துவிட்டார். பையை என்னிடமிருந்து பறித்து, மடியில் கொட்டினார். பள்ளிக்கூடச் சேட்டிபிக்கற், வேட்டி, இரண்டு சாரம், வெள்ளைச் சேட்டு, சவரக்கத்தி. ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் அழ அழ நான் அந்தக் குவியலைப் பார்த்தேன். என்னவோ குறைந்தது. திரும்பக் கிளறினேன்.

"அம்மா, கிளிச்சேட்டைக் காணேல்லை."

"என்னடி?"

"வெளிக்கிடேக்கை நான்தானே மடிச்சு வைச்சனான். அது ஒண்டைத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா சைக்கிளை மரத்தில் சாத்தினார். முகத்தில் வடிந்த மழையைத் துடைத்தார். "அந்தச் சேட்டோடை ஒருத்தனும் சண்டைக்குப் போகமாட்டான்" என்றார்.

நாங்கள் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. சனம் எங்களை இடித்துக்கொண்டு போனது. சாம்பல் மழை, சாம்பல் சனம், எல்லாத் தலையும் ஒரே மாதிரி. நான் வேப்பமரத்து வேரில் ஏறி நின்று பாலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு அந்தச் சாம்பலுக்குள், பாலத்தின் மறுகரையில், எலுமிச்சை மஞ்சளாக ஒரு பொட்டுத் தெரிந்தது. "கிளி! கிளி வருது!" என்று நான் குழந்தைப் பிள்ளை மாதிரிக் குதித்தேன்.

ஆரோ ஒருவரின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அண்ணை வந்தார். கரியரில் குருநகர்த் தாய், முழங்காலைப் பிடித்தபடி செபம் சொல்லிக்கொண்டு. பின்னால் மகள், சைக்கிள் சாயாமல் பிடித்துக்கொண்டு. மூன்று பேரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். அம்மா பாய்ந்து போய் அண்ணையின் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார். பிறகு அதே முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"சொன்னால் விடமாட்டியள் எண்டு தெரியும். தேடுவியள் எண்டும் தெரியும். தூரத்திலை தெரியட்டுமெண்டுதான் உதைப் போட்டனான்" என்றார் அண்ணை. சுற்றி நின்ற சனம் அவருடைய கிளிகளைப் பார்த்தது. ஒரு சின்னப் பெடியன் சிரித்தான். அண்ணைக்கு வெட்கம் வந்துவிட்டது, பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார். கழற்றிய பொத்தானைத் தானே திரும்பப் பூட்டினார்.

"கழட்டாதை. சாவகச்சேரி போய்ச் சேருமட்டும் உதோடை எனக்கு முன்னாலை நட."